ரெண்டு மலை, நடுவுல சூரியன்: ஆயில் பேஸ்டலும் ஒரு ரோஸ் கலர் தண்ணியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன விளையாட்டோட ஆரம்பிக்கலாம். ஸ்கூல்ல "ஒரு சீனரி வரை"ன்னு சொன்னப்போ நீங்க என்ன வரைஞ்சீங்க?

நானே சொல்றேன். ரெண்டு முக்கோண மலை. நடுவுல பாதி சூரியன். அங்கிருந்து வளைஞ்சு வர்ற ஒரு ஆறு. ஓரத்துல குடிசை, தென்னைமரம். வானத்துல நாலு பறவை. சரிதானே? நானும் அதைத்தான் வரைஞ்சேன். இத்தனைக்கும் எங்க தெருவுல இருந்து பார்த்தா மலையே தெரியாது!

நான் சென்னையில எட்டாவது, ஒன்பதாவது பசங்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கறேன். வருஷா வருஷம் முதல் கிளாஸ்ல, கிட்டத்தட்ட எல்லாப் பேப்பர்லயும் அதே ரெண்டு மலை. பசங்க மேல தப்பில்லை. அவங்க கண்ணால பார்த்து வரையல, மனப்பாடமா வரையறாங்க. இதை உடைக்க எனக்குக் கைகொடுத்தது இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களும் ஒரு டப்பா ஆயில் பேஸ்டலும்தான்.

"மிஸ், சூரியனைக் காணோம்!"

முதல்ல ஒரு படம் காட்டுவேன். கிளோத் மோனே வரைஞ்ச 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்'. பிரான்ஸ்ல லு ஹாவ்ர் துறைமுகத்தோட விடியற்காலை. 1874-ல பாரிஸ்ல இதைக் கண்காட்சியில வெச்சப்போ, லூயி லெரோய்னு ஒரு விமர்சகர் செமையா கிண்டல் பண்ணினார். பாதியில நிக்கிற வால்பேப்பர்கூட இதைவிட முழுசா இருக்கும்ங்கற மாதிரி எழுதினார். கிண்டலா சொன்ன 'இம்ப்ரெஷனிஸ்ட்'ங்கற பேரே அப்புறம் அந்தக் குழுவுக்கு நிலைச்சுடுச்சு.

அந்தப் படத்துல ஆரஞ்சு சூரியன் பளிச்னு இருக்கும். இப்போ போன்ல அதைக் கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. சூரியன் கிட்டத்தட்ட காணாமப் போயிடும்! ஏன்னா, வெளிச்ச அளவுல சூரியனும் அதைச் சுத்தியிருக்கற வானமும் ஏறக்குறைய ஒண்ணு. வித்தியாசம் நிறத்துல மட்டும்தான். கிளாஸ்ல இதைப் பண்ணிக் காட்டும்போது பசங்க கத்துவாங்க பாருங்க...

சூரியன்னா வானத்தைவிடப் பளிச்னு மஞ்சளா இருக்கணும்னு நமக்கு 'தெரியும்'. மோனே தெரிஞ்சதை வரையல, பார்த்ததை வரைஞ்சார். கிளாஸோட மொத்தப் பாடமும் இதுதான்.

கருப்பையும் பிரவுனையும் எடுத்துடுங்க

அடுத்து மொட்டை மாடி. தூரத்துல பள்ளிக்கரணை சதுப்பு நிலம் தெரியும். தண்ணி, கோரைப்புல், பின்னாடி அபார்ட்மென்ட். போதும்.

டப்பாவுல இருந்து கருப்பையும் பிரவுனையும் எடுத்து என்கிட்ட கொடுத்துடணும். முதல்ல ஒரே அழுகாச்சி! "அப்போ மரத்துக்கு என்ன கலர், மிஸ்?" பாருப்பா, பார்த்துட்டு நீயே சொல்லு. அஞ்சு நிமிஷம் உத்துப் பார்த்தா, நிழல்ல ஊதா தெரியும், கருநீலம் தெரியும். மோனேவும் நிழலுக்குக் கருப்பைத் தவிர்த்துட்டு இப்படித்தான் நிறத்தைத் தேடினார்.

பேப்பர் வெள்ளை வேண்டாம். சந்தன கலர்லயோ காவி கலர்லயோ சொரசொரப்பான பேப்பர். கண்ணை இடுக்கிப் பார்த்து, பெரிய வடிவங்களை மட்டும் லேசா வையுங்க. அப்புறம் சின்னச் சின்னக் கோடு. மஞ்சள் பக்கத்துல நீலம். விரலால தேய்ச்சுக் கலக்கக் கூடாது! நாலடி தள்ளி நின்னு பார்த்தா, கண்ணே ரெண்டையும் கலந்துக்கும். நடுவுல பேப்பர் எட்டிப் பார்த்தா விட்டுடுங்க, அந்தச் சந்தன கலர்தான் படத்துக்கு வெயில்.

ஆரம்பத்துல லேசா, கடைசியிலதான் அழுத்தம். ஆயில் பேஸ்டல்ல மெழுகும், காயாத எண்ணெயும் இருக்கு. முதல்லயே அழுத்திட்டா அடுத்த நிறம் வழுக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஸ்டிக் நுனியை டிஷ்யூல துடைக்கணும், இல்லேன்னா மஞ்சள் அழுக்காயிடும். நம்ம ஊர் வெயில்ல டப்பாவைத் திறந்து வெச்சா ஸ்டிக் இளகிடும், அதனால நிழல்ல வையுங்க. முடிச்ச படத்து மேல பட்டர் பேப்பர் போட்டு அடுக்குங்க.

நேரம் இருபத்தஞ்சு நிமிஷம்தான். அதுக்குள்ள வெளிச்சம் மாறிடும். 1890-91-ல மோனே வைக்கோல் போரை மட்டுமே சுமார் 25 தடவை வரைஞ்சார். வெளிச்சம் மாறினா கான்வாஸை மாத்துவார். போர் அதேதான், படம் வேற.

நான் பண்ணின தப்பு

இப்போ கொஞ்சம் சங்கடமான விஷயம்.

ஒன்பதாவதுல ஒரு பொண்ணு. பேசவே மாட்டா. அவ வரைஞ்ச சதுப்பு நிலத்துல தண்ணி முழுக்க வெளிர் ரோஸ். எனக்கு அது பாதியில நிக்கிற மாதிரி இருந்துச்சு. கண்காட்சிக்கு வேற நாள் நெருங்கிடுச்சு. அவ தண்ணி குடிக்கப் போன நேரத்துல, நான் ஒரு நீல ஸ்டிக்கை எடுத்து நாலு கோடு போட்டேன். கூடவே ரெண்டு புல்லும்.

கண்காட்சியில எல்லாரும் அந்தப் படத்தைப் பாராட்டினாங்க. அவ பக்கத்துலயே வரல. கூப்பிட்டேன். "அது நீங்க வரைஞ்சது, மிஸ்"னு சொன்னா. கோபமாக்கூட சொல்லல.

அடுத்த வாரம் அவ பேப்பர்ல ரெண்டு மலை, நடுவுல சூரியன். ஏம்மான்னு கேட்டேன். "இதுல தப்பு வராதுல்ல, மிஸ்."

மறுநாள் காலையில ஏழு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணி ரோஸாத்தான் இருந்துச்சு. அவ பார்த்ததை வரைஞ்சிருக்கா. தண்ணின்னா நீலம்னு 'தெரிஞ்சவ' நான்தான்.

கிளாஸ் முன்னாடியே அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அன்னையிலிருந்து ஒரே ரூல்: மாணவர் பேப்பர் மேல என் ஸ்டிக் படாது. ஏதாவது காட்டணும்னா, பக்கத்துல என் பேப்பர்ல வரைஞ்சு காட்டுவேன். "இங்க என்ன நிறம் தெரியுது?"ன்னு கேட்பேன். பதில் சொல்றதும் கோடு போடறதும் அவங்க வேலை.

அவளுக்கு நாலு வாரம் ஆச்சு, திரும்ப மாடிக்கு வர்றதுக்கு. தண்ணி இந்தத் தடவை சாம்பல் கலந்த பச்சை. அன்னைக்கு மேகமூட்டம். நான் வாயே திறக்கல.

நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜப்பான்லயும் இதே பிரச்சினை இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல பசங்க மாதிரிப் படத்தைப் பார்த்துக் காப்பி பண்ணணும். யமமோட்டோ கனாய்ங்கற ஓவியர், குழந்தைகள் தாங்கள் பார்க்கறதைத் தாங்களே வரையணும்னு ஒரு இயக்கம் நடத்தினார். அந்தக் காலகட்டத்துல, 1920-கள்ல, பள்ளிப் பசங்களுக்காக அங்கே வந்ததுதான் ஆயில் பேஸ்டல். காப்பி அடிக்காம இருக்கறதுக்குன்னு வந்த ஸ்டிக்கை வெச்சுக்கிட்டு நாம ரெண்டு மலையைக் காப்பி அடிச்சுட்டிருக்கோம்!

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பன்னிரண்டு கலர் டப்பா வாங்குங்க. கருப்பையும் பிரவுனையும் எடுத்து வெச்சுட்டு, உங்க ஜன்னலுக்கு வெளியே இருக்கறதை இருபத்தஞ்சு நிமிஷம் வரையுங்க. வீட்ல ஒரு தம்பியோ பாப்பாவோ பக்கத்துல உட்கார்ந்து வரைஞ்சா, அவங்க பேப்பர்ல மட்டும் கை வெச்சுடாதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.