படநூலும் பக்கத்து இருக்கைப் பிள்ளையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேசிப் பழகிய இந்த அவையில் குழந்தைகளின் படநூல் பற்றிப் பேசும்படி ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையை அழைத்திருக்கிறீர்கள். இதில் பொருத்தக்கேடு ஏதுமில்லை. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கிய அழ. வள்ளியப்பா முதலாகத் தமிழில் பிள்ளைகளுக்காக எழுதியோர் பலரும் கவிஞர்களே. அவர்கள் பாட்டை வளமாகத் தந்தார்கள். படத்திற்கு அந்த வளம் நெடுங்காலம் வாய்க்கவில்லை.

ஐந்து வயதுப் பிள்ளை நூலைத் திறந்ததும் எழுத்தைப் பார்ப்பதில்லை. படத்தில் இருப்பது யார், அவன் வீடு எப்படி, அவன் தட்டில் என்ன சோறு என்று பார்க்கிறது. தன்னைப் போன்ற ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று தேடுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையொன்றில் குழந்தை நூல்களைக் கண்ணாடி என்றும் சாளரம் என்றும் உருவகித்தார். தன் முகம் தெரிவது கண்ணாடி. பிறர் வாழ்வு தெரிவது சாளரம். எல்லாச் சாளரங்களும் எதிர்வீட்டையே காட்ட, கண்ணாடி ஒன்றுமில்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தன் முகம் நூலில் வரத்தக்கதன்று என்ற எண்ணமே படியும்.

இந்த வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். 1921இல் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, ஒரே ஆலையில் உழைத்தவர்கள் சாதியால் பிளவுண்டு புளியந்தோப்பில் மோதினார்கள், குடிசைகள் எரிந்தன. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள். தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு உள்ளன. இப்போது இந்தி பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே பாயில் அமர்கிறார்கள். பாயில் யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதில் முதல் வாரத்திலேயே ஒரு கணக்கு விழுந்துவிடுகிறது. அந்தக் கணக்கைக் கலைக்க 'எல்லோரும் சமம்' என்று நான் சொல்லும் வாசகம் போதவில்லை.

சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996இல் தொடங்கப்பட்டது. அது வெளியிட்ட படநூல்களில் ஒன்று காளி என்னும் இருளர் சிறுவனின் கதை. எழுதியவர் ஜை விட்டேகர். படங்கள் ஸ்ரீவித்யா நடராஜன். காளியின் தந்தை பாம்பு பிடிப்பவர். காளி விரும்பித் தின்பது வறுத்த ஈசல். இந்த இரண்டும் பள்ளியில் அவனைத் தனியனாக்குகின்றன. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வருகிறது. எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். அன்றுமுதல் அவன் எல்லோர்க்கும் வேண்டியவன். இக்கதை வெறும் கற்பனை அன்று. பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபின் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, நச்சு எடுத்து நச்சுமுறி மருந்துக்கு வழங்கிவருகிறது. 2023இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

என் வகுப்பில் இந்நூலைப் படித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்: "பாம்பு வராம இருந்தா என்ன டீச்சர்?"

நான் நூலை மடியில் வைத்துக்கொண்டு சற்றுநேரம் பேசாதிருந்தேன். நல்ல நூல்தான், இன்றும் என் அலமாரியில் முன்வரிசையில் இருக்கிறது. ஆயினும் அவள் கேட்டது திறனாய்வாளர் கேட்கவேண்டிய கேள்வி. வீரம் காட்டினால்தான் பக்கத்தில் இடம் கிடைக்குமா? பாம்பு பிடிக்கத் தெரியாத இருளர் பிள்ளைக்கு இடம் ஏது?

இதற்கு விடையாக எனக்குத் தென்படுவது எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்னும் அமெரிக்க ஓவியர் 1962இல் வெளியிட்ட 'பனி நாள்' என்னும் படநூல். பீட்டர் என்னும் கறுப்பினச் சிறுவன் செந்நிற உடையணிந்து பனியில் விளையாடுகிறான், ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துகிறான், அது உருகிப்போகிறது. கதை இவ்வளவே. அவன் யாரையும் காப்பாற்றவில்லை, எதையும் மெய்ப்பிக்கவில்லை. அவன் நிறம் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை. படத்தில் மட்டுமே அது இருக்கிறது. அந்நாளில் இது எத்தகைய செயல் என்பதற்கு நான்சி லாரிக் 1965இல் தந்த கணக்கே போதும்: அமெரிக்காவில் மூன்றாண்டுகளில் வந்த 5,206 குழந்தை நூல்களுள் கறுப்பின மாந்தர் இடம்பெற்றவை 349 மட்டுமே.

இது உங்களுக்குப் புதிய முறை அன்று. அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டுவதில்லை. ஆனால் அவர்கள் நின்ற நிலமும் மரமும் பறவையும் நீரும் பிழையின்றி வரும். கருப்பொருளே உணர்ச்சியைச் சுமக்கும். படநூலிலும் படம் கருப்பொருளைச் சுமக்கிறது. 'இவன் ஏழை', 'இவள் வேற்றுமொழிக்காரி' என்று சொல் சுட்டும்போது படம் செத்துப்போகிறது.

நம் நிலத்தின் கருப்பொருள் எங்கே? பேசின் பிரிட்ஜ் பணிமனையில் நெடுந்தூர ரயில்களின் பெட்டிகளைக் கழுவிச் செப்பனிடுகிறார்கள். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் நடக்கிறது. பக்கிங்காம் கால்வாய், எண்ணூர்ச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், பர்மா வழி வந்த அத்தோ விற்கும் தள்ளுவண்டி. திரைப்படம் இவ்விடங்களை அரிவாளோடு சேர்த்துக் காட்டிவிட்டது. 'அம்மா ரயில் பெட்டி கழுவுறாங்க' என்று சொல்லும் பிள்ளை குரலைத் தாழ்த்தாமல் சொல்வதற்கு, அதே வேலையைச் செய்யும் தாய் ஒருத்தி ஒரு படநூலில் வரட்டும். அவள் வீரத்தாயாக வரவேண்டா. வேலை முடிந்து மகளோடு வீட்டுக்கு நடந்தால் போதும்.

வகுப்பறை அனுபவத்தில் இன்னொன்று. தூலிகா ஒரே நூலைத் தமிழ், தெலுங்கு, இந்தி எனப் பல மொழிகளில் தருகிறது. ஒரு பக்கத்தை நான் தமிழில் படித்ததும், அதே பக்கத்தைத் தெலுங்கு வீட்டுப் பிள்ளையின் பாட்டி வந்து தெலுங்கில் படித்தார். அன்று அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குச் சொற்பொருள் கூறியது. கேட்டவர்களுக்கும் அது விளையாட்டாகவே இருந்தது. 2023இல் தமிழ்நாட்டு அரசு வாசிப்பு இயக்கத்தின்கீழ் நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளில் சிறுநூல்களைப் பள்ளிகளுக்கு வழங்கியதால், நூல் கைக்கு வந்திருக்கிறது. அந்த வரிசையில் நம் தெருக்களும் இடம்பெற வேண்டும்.

ஆதலால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் இருநூறு சொற்களுக்கு மிகாமல் ஒரு பிரதி எழுதி வாருங்கள். எதுகை தேடி அலைய வேண்டா. பக்கம் புரளும் இடத்தை மட்டும் அடி முடியும் இடத்தைப் போலக் கருதுங்கள். படத்திற்கு விடவேண்டியதை விட்டுவிடுங்கள். எழுதியதை முதலில் என் வகுப்பில் படித்துக் காட்டுவோம். அந்தச் சிறுமி இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள், அவளையும் அழைத்துக்கொள்கிறேன்.