பூர்வீக வழக்கின் தீர்ப்பு நகல்: தேடுவதும் பெறுவதும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நான் வக்கீல் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய சர்க்கார் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன். ஆகவே சட்டம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு பழைய காகிதத்தைத் தேடி அலைந்த அனுபவம் இருக்கிறது. புணேயில் செட்டில் ஆகி, ஊரில் பூர்வீக வீடும் நிலமும் வைத்திருக்கும் நம்மவர் பலருக்கு அது உபயோகப்படும் என்று காரியதரிசி சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் தாத்தா காலத்து வீடு ஒன்று இருந்தது. 2018-இல் அதை விற்க ஏற்பாடாயிற்று. பாகஸ்தர்கள் ஆறு பேர், எல்லோரும் சம்மதம். வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் வாங்குகிறவரின் வக்கீல் ஒரு கேள்வி கேட்டார்: "மேலண்டைப் பகுதியில் ஒரு அம்மாள் கடைசி வரை தனியாகக் குடியிருந்தார்களாமே, எந்த உரிமையில்?"

அது எங்கள் சின்னப் பாட்டி, தாத்தாவின் தம்பி சம்சாரம். புருஷன் 1935-இல் காலமாகி, கைக்குழந்தையோடு நின்றவர். "பாவம் என்று தாத்தா இடம் கொடுத்தார்" என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லிவந்த கதை. 1979-இல் பாட்டி காலமானதும் அந்தப் பகுதியை எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தேடியபோது பழைய வக்கீல் ஒருவர் எழுதிய கார்டு கிடைத்தது. அதில் ஒரு அசல் வழக்கு எண்ணும், "1953-இல் ராஜி டிக்ரி ஆனபடி" என்ற வரியும் இருந்தன. பாட்டி கோர்ட்டுக்குப் போனார் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்!

இனி, தேடிய விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாவது, எந்தக் கோர்ட்? அசையாச் சொத்து வழக்கு, சொத்து இருக்கும் எல்லைக்கு உட்பட்ட கோர்ட்டில்தான் நடக்கும். மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட்டா சப் கோர்ட்டா என்பது மாறும். ஜில்லாக்கள் பிரிந்ததையும் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர் வந்தது. 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று. எனவே அன்று வழக்கு நடந்த கோர்ட்டின் கட்டுகள் இன்று எந்த ரெக்கார்டு ரூமில் இருக்கின்றன என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வழக்கு எண். இங்கேதான் நான் தவறு செய்தேன். டிக்ரி 1953 என்று கார்டில் இருந்ததால், மனுவிலும் 1953-ஆம் வருஷத்து எண்ணாக எழுதிவிட்டேன். அந்த எண்ணில் வேறு யாரோ ஒருவருடைய கடன் வழக்குதான் இருந்தது. மனு திரும்பி வந்தது. வழக்கு எண் என்பது தாக்கல் செய்த வருஷத்தோடு சேர்ந்தது, தீர்ப்பான வருஷத்தோடு அல்ல. பாட்டி வழக்குப் போட்டது 1951. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

எண்ணே தெரியாவிட்டால்? பழைய கிரயப் பத்திரங்களை முழுதும் படியுங்கள். சொத்து வந்த வரலாறு சொல்லும் பாராவில் வழக்கு எண் இருக்கக்கூடும். அப்பீல் தீர்ப்பு கிடைத்தால், கீழ்க்கோர்ட்டு எண் அதிலேயே இருக்கும். அதுவும் இல்லையென்றால், உத்தேச வருஷத்தையும் கட்சிக்காரர் பெயரையும் கொடுத்து வழக்குப் பதிவேட்டில் தேடச் சொல்லி மனுச் செய்ய வேண்டும். பெயரை அன்று எழுதியபடி கொடுக்க வேண்டும். நம் தாத்தாக்கள் பெயரோடு ஐயர், ஐயங்கார் என்பது சேர்ந்திருக்கும். இங்கிலீஷில் ஐயர் என்பதையே மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரும் அப்படியே. மயிலாடுதுறை என்று தேடினால் மாயவரம் அகப்படாது.

"எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே!" என்பார்கள் நம் பிள்ளைகள். வாஸ்தவம். இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-இல் தொடங்கியது. இப்போது நடக்கும் வழக்குகளையும் சமீப காலத்தில் முடிந்தவற்றையும் அந்த இணையதளத்தில் கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், வக்கீல் பெயர் இவற்றால் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் இலக்கமும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு, கடைசி நான்கு இலக்கம் வருஷம். இங்கே ஃபிளாட் வாங்கும்போதும் விற்பவர் பெயரைப் போட்டு ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. மஹாராஷ்டிரத்தில் ரெகுலர் சிவில் சூட், ஸ்பெஷல் சிவில் சூட் என்று வகை பிரித்திருப்பார்கள். ஆனால் 1951-ஆம் வருஷத்து வழக்குக்கு ரெக்கார்டு ரூம்தான் கதி.

மூன்றாவது, நகல் மனு. தமிழில் நகல் என்பதை இங்கே மராத்தியில் நக்கல் என்கிறார்கள். ஒரே அரபுச் சொல்தான். நம் ஊரில் நக்கல் என்றால் வேறு அர்த்தம் ஆகிவிடும்! மனுவில் கோர்ட்டின் பெயர், வழக்கு எண், வாதி, பிரதிவாதி பெயர்கள், முடிவான தேதி, எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். "தீர்ப்பு நகல்" என்று மட்டும் எழுதினால் தீர்ப்பு மட்டுமே வரும். தீர்ப்பு வேறு, டிக்ரி வேறு. சொத்து விவர ஷெட்யூலையும் வரைபடத்தையும், ராஜி ஆகியிருந்தால் ராஜி மனுவையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாகப்பிரிவினை வழக்கானால் முதல்நிலை டிக்ரி, இறுதி டிக்ரி என இரண்டு உண்டு. முதல்நிலை டிக்ரியோடு நின்றுபோன குடும்பங்கள் அநேகம். இறுதி டிக்ரி கோரும் மனுவுக்குக் காலவரம்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது. இறுதி டிக்ரியை நிறைவேற்றுவதற்கு மட்டும் பன்னிரண்டு வருஷக் கெடு.

வழக்கில் கட்சிக்காரராக இல்லாதவர், தமக்கு என்ன சம்பந்தம், எதற்காக வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கும். நான் பிரதிவாதியின் பேரன் என்பதால், தாத்தா, அப்பா இருவரின் மரணச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்தேன். மனுவை உள்ளூர் வக்கீல் மூலம் போடுவதே சிலாக்கியம். ஆனால் விவரங்களை நாமே சேகரித்துக் கொடுத்தால் செலவும் அலைச்சலும் பாதியாகும்.

ஜெராக்ஸ் போதாது, கோர்ட் முத்திரையிட்ட சான்று நகல்தான் சாட்சியத்துக்கு ஆகும். முன்பு சாட்சியச் சட்டம் 76-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 75-ஆவது பிரிவு. நகலில் மனுச் செய்த தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் குறித்திருப்பார்கள். அப்பீல் செய்கிறவர்களுக்கு, நகல் பெற ஆன காலம் கெடுவிலிருந்து கழியும். அந்தத் தேதிகளுக்கு அவ்வளவு மதிப்பு.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாமே என்று நானும் நினைத்தேன். வழக்குக் காகிதங்களுக்கு உயர் நீதிமன்ற விதிகளின்படிதான் மனுச் செய்ய வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாட்சி வாக்குமூலம் போன்றவை முதலில் போகும். நிலம் வீடு சம்பந்தமான டிக்ரி பெரும்பாலும் நீண்ட காலம் இருக்கும். அப்பீல் கட்டிலும் எதிர்க்கட்சிக் குடும்பத்தின் பெட்டியிலும் தேடிப் பாருங்கள்.

எங்கள் டிக்ரி ஐந்தாவது மாதம் வந்தது. வாதி, பாட்டி. முதல் பிரதிவாதி, எங்கள் தாத்தா. ஜீவனாம்ச பாத்தியதைக்கு ஈடாக மேலண்டைப் பகுதியை ஆயுள் வரை பாட்டி அனுபவிக்கலாம், விற்கக் கூடாது என்பது ராஜி. தாத்தா பரிதாபப்பட்டுக் கொடுத்த இடம் அல்ல அது. பாட்டி கேட்டு வாங்கிய உரிமை. வழக்குச் சொத்தைப் பற்றிய ராஜி டிக்ரியைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் வில்லங்கச் சான்றில் அது வரவில்லை.

"ஆயுள் வரைதானே, பாட்டி போனதும் நமக்குத்தானே?" என்றேன். எங்கள் வக்கீல் தலையசைத்து மறுத்தார். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆவது பிரிவின்படி, ஜீவனாம்சத்துக்கு ஈடாகப் பெண் வசமிருந்த சொத்து அவருக்கே முழுச் சொந்தமாகும்; இதே மாதிரி ராஜி டிக்ரி ஒன்றில் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இல் அப்படித்தான் தீர்த்தது என்றார். (இந்தப் பிரிவு பற்றி முரண்பட்ட தீர்ப்புகள் இருப்பதால், 2024 டிசம்பரில் விஷயம் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. உங்கள் டிக்ரியை உங்கள் வக்கீலிடம் காட்டியே முடிவு செய்யுங்கள்.) ஆக, மேலண்டைப் பகுதி பாட்டியின் ஒரே பெண்ணான எங்கள் அத்தையைச் சேர்ந்தது. முப்பத்தொன்பது வருஷமாக நாங்கள் அனுபவித்தது அத்தையின் சொத்து.

"அத்தை கேட்கவே இல்லையே, பேசாமல் இருந்துவிடலாம்" என்றார் எங்களில் ஒருவர். ஒரு நிமிஷம் எனக்கும் அந்த எண்ணம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் காகிதத்தைப் படித்த பிறகு படிக்காதது போல் இருக்க முடியவில்லை. அத்தையையும் சேர்த்துத்தான் கிரயம் ஆயிற்று. மேலண்டைப் பகுதிக்கான தொகை அவர் பெயருக்குப் போயிற்று.

கோயம்புத்தூரில் பெண் வீட்டில் இருந்த அத்தைக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. டிக்ரியை நேரில் கொண்டுபோய்க் காட்டினேன். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா பேரை மொதல்ல போட்டிருக்காளே!" என்றார். பிறகு, "இந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுடா" என்றார்.

ஊர்ச் சொத்தில் கை வைக்கும் முன் பெட்டியில் உள்ள காகிதங்களைப் படியுங்கள். வழக்கு எண் ஒன்று கண்ணில் பட்டால் நகல் வாங்கிப் பாருங்கள். வீட்டில் சொல்லும் கதை ஒன்றாகவும் டிக்ரி வேறாகவும் இருக்கலாம்.