எழுந்து நடக்கும் பாடத்தை எப்போது சொல்வது?

இம்மாநாட்டின் பொருள் 'அறுவைக்குப் பின் விரைந்து மீளுதல்'. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1899இல் சிகாகோவில் எமில் ரீஸ் இதுபற்றி எழுதியதையும், 1997இல் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் வகுத்த முறையையும் அமர்வுகள் விரிவாகவே பேசும். நம் துறையே 1997இல்தான் பிறந்தது என்று எழுதிவரும் நண்பர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால், அவர்கள் தாண்டிப்போன ஒரு கட்டுரை இருக்கிறது.

1964இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட்டும் உடன் பணியாற்றியோரும் வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் மயக்க மருந்து நிபுணர் முன்னதாகவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்: வலி எங்கே வரும், வயிற்றுத் தசையை எப்படித் தளர்த்துவது, வயிற்றை இறுக்காமல் கையையும் காலையும் ஊன்றி எப்படிப் புரண்டு படுப்பது. அறுவை மருத்துவர்களுக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. பாடம் கேட்டவர்களுக்கு வலிமருந்து ஏறக்குறைய பாதியே தேவைப்பட்டது, சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். தலைப்பில் 'வலி' என்று இருந்ததாலேயே இதை வலி ஆய்வு என்று ஒதுக்கிவிட்டோம். சொல்லிக்கொடுத்ததோ உடம்பை அசைக்கும் விதம்!

அறுவைக்குப் பிறகும் பாடம் கேட்டவர்களை அந்த நிபுணர் போய்ப் பார்த்தாரே, பலன் அதனால் வந்திருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. அதற்கு 2018இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரிடம் நடந்த ஆய்வு பதில் தருகிறது. கையேடு இரு பிரிவுக்கும் உண்டு. பிறகு நடக்கவைத்த முறையும் ஒன்றே. ஒரு பிரிவுக்கு மட்டும் அறுவைக்கு முன் பிசியோதெரபிஸ்டுடன் 30 நிமிடம். நுரையீரல் சிக்கல் 27 விழுக்காட்டிலிருந்து 12க்கு இறங்கியது. அங்கே கற்பித்தது மூச்சுப் பயிற்சிதான், நடை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், மயக்கம் தெளியும்போது உடம்பு கேட்பது முன்பே பழகிய பாடத்தைத்தான் என்பது இதில் தெரிகிறது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றில் முன்கல்வியால் கூடுதல் பயன் உறுதியாகவில்லை என்ற 2014இன் காக்ரேன் தொகுப்பாய்வைச் சிலர் நீட்டுவார்கள். துண்டறிக்கையையும் நேரில் செய்துகாட்டுவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் எடை எப்படித் தெரியும்?

நம் வார்டுகளில் நோயாளியை எழவிடாமல் தடுப்பது பெரும்பாலும் கூட இருப்பவரின் பாசம். "தையல் பிரிஞ்சிடும், அசையாதே" என்ற குரலுக்கு அறுவைக்கு மறுநாள் பதில் சொல்லி என்ன பயன்? முந்தின நாளே அவரையும் கட்டிலருகே நிறுத்தி, தையல்மேல் தலையணையை அணைத்து இருமுவதையும், ஒருக்களித்துக் கையூன்றி எழுவதையும் நோயாளியைச் செய்யவைத்துக் காட்ட வேண்டும். சம்மதக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, சொல்லிக்கொடுத்தவர் பெயரும் நேரமும் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும் என்பதை இம்மாநாட்டின் முதல் தீர்மானமாக முன்வைக்கிறேன்.