வட்டில் மறைந்ததை மீட்டல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியத்தையும் இசையையும் பற்றி அறிஞர் பலர் பேசிய மேடை இது. இம்மேடையில் கணிப்பொறியின் பழுதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். விழா நாளில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் சங்கத்தின் வன்வட்டு ஒன்று பழுதுற்றது. ஹார்ட் டிஸ்க் என்று நாம் நாள்தோறும் சொல்வது அதனைத்தான். அதில் இருந்தவை வரவு செலவுக் கணக்குகள் மட்டும் அல்ல. இந்நகருக்கு முன்னோடிகளாக வந்து குடியேறிய முதியோர் பதினொருவர் தாம் வந்த கதையைத் தம் வாயாலேயே சொல்லிய ஒலிப்பதிவுகளும் அதில் இருந்தன. 2012 ஆம் ஆண்டில் வீடு வீடாகச் சென்று அவற்றைப் பதிவு செய்தோம். அப்பதினொருவருள் ஒன்பதின்மர் இன்று நம்மிடையே இல்லை. ஆதலின் அவற்றை மீண்டும் பதிவு செய்ய வழி இல்லை.

அவ்வட்டைக் காக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. எனவே நான் இன்று பேச வந்தது அறிவுரை அன்று. என் பிழையை எடுத்துரைக்கும் அறிக்கை என்றே கொள்ளுங்கள்.

முதலில் இக்கருவியின் இயல்பைச் சிறிது காண்போம். 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்வட்டு, ஓர் ஆளைக் காட்டிலும் அகன்ற பெட்டி. அதனுள் இரண்டடி விட்டம் உள்ள ஐம்பது தட்டுகள் சுழன்றன. அத்தனையிலும் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்றோ, உள்ளங்கையில் அடங்கும் வட்டு அதனைப்போல் பல இலட்சம் மடங்கு கொள்கிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. அதன்மேல் படித்தும் எழுதியும் செல்லும் நுண்ணிய தலை ஒன்று மிதக்கிறது. நம் சங்கத்தின் வட்டுப் போன்ற சிறு வட்டுகளில் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். தலைக்கும் தட்டிற்கும் உள்ள இடைவெளி மயிரிழையின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அவ்விடைவெளியில் ஒரு தூசு பெரும் பாறைக்கு ஒப்பாகும். இதனை மறவாதிருந்தால், பின்னர் நான் சொல்லப் போகும் அனைத்தும் எளிதில் விளங்கும்.

நம் வட்டு தவறி விழவில்லை. நீரில் நனையவும் இல்லை. பல ஆண்டு உழைத்து முதுமை எய்தியிருந்தது. சில கிழமைகளாகவே கோப்புகள் மிக மெதுவாகத் திறந்தன. அது நோயின் முன்னறிகுறி. கணிப்பொறியைக் குறை கூறிவிட்டு நான் வாளாவிருந்தேன். பிறகு ஓர் இரவு, விழா மலருக்குப் படம் தேடுவதற்காக அதனை இணைத்தபோது, டிக், டிக் என ஓர் ஒலி எழுந்தது. திரையில் வட்டு தோன்றவில்லை. கழற்றினேன், மீண்டும் இணைத்தேன். வேறொரு கணிப்பொறியில் இட்டேன். அவ்விரவில் ஆறு முறை அதற்கு மின்சாரம் கொடுத்தேன். அவ்வாறு செய்தவன் கணிப்பொறித் துறையில் முப்பது ஆண்டு பணிபுரிந்தவன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அவ்வொலியின் பொருள் என்ன? தட்டின்மேல் தனக்குரிய அடையாளக் குறிகளைத் தலையால் படிக்க இயலவில்லை. ஆகவே பின்வாங்கிச் சென்று, மறுபடி முயல்கிறது. பழுதுற்ற தலை தட்டினைத் தொட்டால் காந்தப் பூச்சைச் சுரண்டும். சுரண்டப்பட்ட பூச்சு பொடியாகிவிடும். அப்பொடியிலிருந்து செய்தியை மீட்க வல்லவர் உலகில் எவரும் இலர். நான் கொடுத்த ஒவ்வொரு மின்சாரமும் அச்சுரண்டலுக்கு வாய்ப்பளித்தது.

மறுநாள் அன்பர் பலர் மருத்துவம் கூறினர். வட்டை நெகிழிப் பையில் இட்டுக் குளிர்ப் பெட்டியில் ஓரிரவு வைக்குமாறு ஒருவர் சொன்னார். குளிர்ந்த வட்டை வெளியே எடுத்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். அது கேடே விளைக்கும். மேல்மூடியைத் திறந்து தலையைக் கையால் நகர்த்தலாம் என்றார் மற்றொருவர். நம் வீட்டுக் கூடத்தில் மூடியைத் திறப்பது, தூசிப் பாறைகளைத் தட்டின்மேல் பொழிவதற்கு ஒப்பாகும். கடைக்காரர் ஒருவர், ஃபார்மேட் செய்தால் வட்டு சரியாகிவிடும் என்றார். நலிந்த நினைவேட்டைப் புதுப்பிக்க அதன் எழுத்துகளை அழித்துத் தருகிறேன் என்பது போன்ற மருத்துவம் அது! மூவரும் நல்லெண்ணத்தோடு சொன்னவர்களே. ஆனால் நல்லெண்ணம் வேறு, அறிவு வேறு.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? பழுது நான்கு வகைப்படும். எவ்வகை என்று அறிந்த பின்னரே கை வைக்க வேண்டும்.

முதல் வகையில் வட்டிற்கு நோயே இல்லை. இணைப்புக் கம்பி தேய்ந்திருக்கலாம், யூ.எஸ்.பி. துளை தளர்ந்திருக்கலாம், போதிய மின்சாரம் வராதிருக்கலாம். வட்டு இயல்பான ஓசையுடன் சுழன்றும் கணிப்பொறி அதனைக் காணவில்லையெனில் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். பெரும் பொருள் செலவிட எண்ணியிருந்த சிலருடைய துயரம் ஒரு புதுக் கம்பியால் தீர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் வகையில் கருவி நலமாக உள்ளது. அதன் அட்டவணை குலைந்துவிட்டது. இவ்வட்டை ஃபார்மேட் செய்ய வேண்டுமா என்று கணிப்பொறி வினவுவது இந்நிலையில்தான். வேண்டா என்று விடை கூறுங்கள். அறியாது அழித்துவிட்ட கோப்பும் இவ்வகையே. நூலின் பொருளடக்கம் கிழிந்தால் நூல் அழிந்துவிடுமா? பழைய முறை வன்வட்டில் கோப்பை அழிக்கும்போது, அவ்விடம் காலியானது என்று குறிப்பு எழுதப்படுகிறதேயன்றி, எழுத்துகள் உடனே அழிவதில்லை. அவ்விடத்தில் வேறொன்றை எழுதினால்தான் அவை மறையும். ஆகையால் அவ்வட்டில் புதிதாக எதனையும் எழுதலாகாது. மீட்கும் மென்பொருளைக்கூட அதில் நிறுவலாகாது. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் முதலிய இலவச மென்பொருள்கள் இத்தகைய நிலையில் பெரிதும் உதவுகின்றன. மீட்ட கோப்புகளை வேறொரு வட்டில் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மூன்றாம் வகையில் தட்டின் சில இடங்கள் நலிந்துவிட்டன. வட்டு மெதுவாகிறது, சில கோப்புகள் திறக்க மறுக்கின்றன. ஸ்மார்ட் எனப்படும் தற்சோதனைக் குறிப்பு ஒவ்வொரு வட்டினுள்ளும் உண்டு. அதனைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அக்குறிப்பில் 5, 197, 198 என்னும் எண்களுக்கு எதிரே உள்ள மதிப்புகள் ஏறிக்கொண்டே போனால், தட்டில் கெட்ட இடங்கள் பெருகுகின்றன என்று அறிக. 199 ஆவது எண்ணின் மதிப்பு ஏறினால் பெரும்பாலும் குற்றம் கம்பியினது. வட்டு நலிந்துள்ளது என்று தெரிந்தால், அதனைச் செப்பனிட முயல்வது தவறு. விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் போன்ற கருவிகள் நலிந்த வட்டின்மேல் எழுதவும் செய்யும்; இருப்பதையும் குலைத்துவிடக்கூடும். முதலில் வட்டு முழுவதற்கும் ஒரு படி எடுக்க வேண்டும். ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருள் இதனைத் திறம்படச் செய்கிறது. நலமான இடங்களை முதலில் படித்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் நாடுகிறது. எடுத்தவற்றிற்குக் குறிப்பேடு ஒன்றும் வைத்துக்கொள்வதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதன் பிறகு ஆராய்ச்சியெல்லாம் படியின்மேல்தான், மூலத்தின்மேல் அன்று.

நான்காம் வகை நம் வட்டிற்கு நேர்ந்தது. டிக் என்னும் ஒலி, சுழலாமல் முனகும் ஒலி, ஓசையே இன்மை, கருகிய நாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். இங்கே செய்யத்தக்கது ஒன்றே: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வட்டை வல்லுநரிடம் ஒப்படைத்தல். மின்பலகை கெட்டதென்று அதே வகை வட்டின் பலகையை எடுத்துப் பொருத்தினாலும் இக்காலத்து வட்டுகள் பெரும்பாலும் இயங்கா. ஒவ்வொரு வட்டிற்கும் உரிய தனி அளவுகள் அதன் பலகையிலுள்ள சிறு சில்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றையும் உடன் மாற்ற வேண்டும்.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு சொல். நீங்கள் இன்று வாங்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் சுழலும் தட்டு இல்லை, எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லு வட்டே உள்ளது. அது விரைவானது, அதிர்ச்சியையும் தாங்குவது. ஆனால் அதில் அழித்த கோப்பை மீட்பது மிக அரிது. காலியான இடம் எது என்று கணிப்பொறி தெரிவித்தவுடன், வட்டு தானாகவே அவ்விடத்தைத் துடைத்துவிடும். அன்றியும், அது பெரும்பாலும் ஒலி எழுப்பி எச்சரிப்பதில்லை. நேற்று வரை நன்றாக இருந்துவிட்டு இன்று ஊமையாகிவிடும்.

நம் கதைக்குத் திரும்புவோம். வட்டை மற்றொரு நகரத்து ஆய்வகத்திற்கு எடுத்துச் சென்றேன். தூசு நீக்கிய காற்று வீசும் பெட்டகத்தில் அதனைத் திறந்து, அதே வகை வட்டிலிருந்து எடுத்த தலைகளைப் பொருத்தி, மெல்ல மெல்லப் படி எடுத்தார்கள். ஐந்து கிழமைகள் ஆயின. செலவான தொகையில் புதிய வட்டுகள் பல வாங்கியிருக்கலாம். முடிவில் ஒன்பது குரல்கள் முழுமையாகக் கிடைத்தன. பத்தாவது குரல் பாதியில் நின்றது. பதினொன்றாவது கிடைக்கவே இல்லை.

பாதியில் நின்ற குரல் ஓர் அம்மையாருடையது. 1957 ஆம் ஆண்டில் புதுமணப் பெண்ணாகச் சென்னையில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறியதை அவர் சொல்லிக்கொண்டு வருகிறார். வழியில் உண்ணக் கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பற்றிச் சொல்கிறார். காஜிப்பேட்டையைக் கடந்தோம் என்கிறார். அத்தோடு ஒலி அறுந்துவிடுகிறது. இந்நகரில் அவர் இறங்கியதும், மொழி அறியாத தெருவில் முதன்முதலாகத் தயிர் வாங்கியதும் ஆகிய பகுதிகளை நான் பதிவின்போது கேட்டேன், சிரித்தேன். இனி எவரும் கேட்க இயலாது. அவருடைய மகளாரிடம் இதைச் சொல்ல நேர்ந்த நாள் என் வாழ்வில் மறக்க முடியாத நாள். “போகட்டும், பாதியாவது இருக்கிறதே” என்று அவர் எனக்கே ஆறுதல் கூறினார்.

மீட்கும் கலையின் ஆற்றலை நான் குறைத்துக் கூறவில்லை. 2003 ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் வானில் சிதறியது. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். சிதைவுகளோடு தரையில் விழுந்த வன்வட்டு ஒன்று கருகி உருக்குலைந்திருந்தது. அதன் தட்டுகளைத் தூய்மை செய்து, வேறு வட்டின் உறுப்புகளோடு பொருத்தி, அதிலிருந்த செய்தியில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை வல்லுநர் மீட்டனர். செனான் வாயுவைப் பற்றி விண்ணில் செய்த அந்த ஆய்வின் முடிவு 2008 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வானிலிருந்து விழுந்த வட்டு பிழைத்தது. அலமாரியில் இருந்த நம் வட்டு பிழைக்கவில்லை. விழுந்த வட்டை எவரும் ஆறு முறை இயக்கிப் பார்க்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் என் உண்மையான பிழை அவ்விரவில் நிகழ்ந்ததன்று. பதிவு செய்த நாளிலேயே நிகழ்ந்தது. குரல்களை வட்டில் ஏற்றிய பின், ஒலிப்பதிவுக் கருவியின் நினைவு அட்டைகளை மறு பயனுக்காக அழித்துவிட்டோம். ஒரே ஒரு படிதான் எஞ்சியது. ஓரிடத்தில் மட்டும் உள்ள பொருளைக் காத்து வைத்திருப்பதாக நாம் எண்ணுவது மயக்கமே.

இப்பாடம் தமிழர்க்குப் புதிதன்று. பனையோலை சில நூற்றாண்டுகளில் இற்றுப்போகும் என்று அறிந்த நம் முன்னோர், இற்றுப்போகும் முன்னரே புது ஓலையில் படி எடுத்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். ஓர் ஏட்டில் செல்லரித்த இடத்தை வேறோர் ஊரின் ஏடு நிரப்பியது. வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் அத்தகைய பேறு வாய்க்கவில்லை. சில பாடல்களே நம் கைக்கு எட்டின. ஓலை போய் வட்டு வந்தது, விதி மாறவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு என் உரையை முடிக்கிறேன். ஒன்று, போற்றத்தக்க எதனையும் மூன்று படிகளாக வையுங்கள். அவை இரண்டு வகைக் கருவிகளில் இருக்கட்டும். ஒன்றேனும் வேறு வீட்டிலோ வேறு ஊரிலோ இருக்கட்டும். இரண்டு, எடுத்து வைத்த படியை ஆண்டிற்கு ஒருமுறையேனும் திறந்து பாருங்கள். திறந்து பாராத படி இருந்தும் இல்லாததே. மூன்று, பழுது நேர்ந்தால் முதலில் கையை எடுங்கள். பதற்றத்தில் நாம் செய்வதே பழுதினும் பெருங்கேடு ஆகிறது.

மீட்ட குரல்கள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. அவற்றுள் ஒன்று, அப்பாதிக் குரலுக்கு உரிய அம்மையாரின் மகளார் இல்லத்தில் இருக்கிறது. நம்மிடையே முதியோர் இன்னும் பலர் உள்ளனர். அவர்கள் கதைகளையும் இவ்வாண்டே பதிவு செய்வோம். பதிவு செய்யும் அன்றே மூன்று படி எடுப்போம். இதற்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் இளைஞர் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.