மனு போய்ச் சேரும் இடம்



2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே தொழுகை முடித்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஜகபர் அலி மீது டிப்பர் லாரி மோதியது. அவர் இறந்துபோனார். முதலில் அது விபத்து வழக்கு. அவருடைய மனைவி புகார் கொடுத்த பிறகுதான் கொலை வழக்கானது. கல்குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. ஜகபர் அலி அதிமுகவின் முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். தம் பகுதிக் குவாரிகளில் விதியை மீறிக் கல் வெட்டப்படுகிறது என்று விடாமல் மனு கொடுத்து வந்தவர். இறப்பதற்குச் சில நாள் முன்புகூட மனு கொடுத்திருந்தார். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் இன்று பேச விரும்புவது அந்த மனுவைப் பற்றி. குடிமகன் ஒருவர் அரசை நம்பிக் கொடுக்கும் காகிதம் எந்தெந்தக் கைகள் வழியாகப் போகிறது, கடைசியில் யாரிடம் போய் நிற்கிறது?

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு அந்த வரிசை தெரியும். மனுவில் பெயரும் முகவரியும் கைப்பேசி எண்ணும் இருக்க வேண்டும். அது அங்கிருந்து கனிமவளத் துறைக்குப் போகும், வட்டாட்சியருக்குப் போகும், வருவாய் ஆய்வாளர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலர் வரை இறங்கும். மனு எத்தனை மேசை இறங்குகிறதோ, மனுதாரரின் பெயரும் அத்தனை மேசை இறங்குகிறது. நடைச்சீட்டுக்கும் குத்தகைப் புதுப்பித்தலுக்கும் குவாரிக்காரர்கள் வந்துபோவதும் இதே அலுவலகங்களுக்குத்தான். மனு கொடுத்தவர் பஸ் ஏறி ஊர் திரும்புமுன் சேதி குவாரிக்குப் போய்விடும் என்பது கல் உடைக்கும் ஊர்களில் எல்லாரும் அறிந்த பேச்சு.

ஒரு காகிதத்துக்கு ஏன் இவ்வளவு அச்சம்? விதி மீறிக் கல் வெட்டும் குற்றம் அளந்து பார்த்துவிடக் கூடியது. எந்த சர்வே எண்ணில், எத்தனை ஏக்கரில், எத்தனை மீட்டர் ஆழத்துக்கு, எத்தனை கன மீட்டர் கல் எடுக்கலாம் என்பது குத்தகை ஆவணத்திலேயே இருக்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டின் சிறுகனிம விதிகள் சொல்கின்றன. தோண்டிய பள்ளத்தை ஒளித்துவைக்க முடியாது. கூடுதலாக எடுத்த கனிமத்தின் விலையை வசூலிக்க 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே சர்வே எண் குறித்த ஒற்றைப் பக்க மனு, நேர்மையான ஓர் அதிகாரியின் கையில் கிடைத்தால், கோடிக்கணக்கான ரூபாய் அபராதமாக மாறிவிடும். குவாரிக்காரருக்கு வேண்டியது கால அவகாசம். அளக்க வருவது நாலு வாரம் தள்ளிப்போனால் எல்லைக் கல் நகரும், கழிவுமண் கொட்டிப் பள்ளம் மேடாகும்.

அந்த அவகாசத்தில்தான் மிரட்டல் நடக்கிறது. அது எடுத்த எடுப்பில் அரிவாளாக வருவதில்லை. முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வருவார். "தம்பி, உனக்கு என்ன வேணும்னு சொல்லு, நான் பேசி முடிச்சுத் தர்றேன்" என்பார். மறுத்தால் பேச்சு உறவுக்காரர்களிடம் போகும். மச்சான் அந்தக் குவாரியில் டிரைவராக இருப்பார். சித்தப்பா தம் நிலத்தைக் கிரஷருக்கு வாடகைக்கு விட்டிருப்பார். அதற்கும் மசியாவிட்டால், பணம் கேட்டு மிரட்டுகிறான் என்று மனுதாரர் மீதே புகார் பாயும். இந்த மூன்றாவது படியைத்தான் நான் மிகக் கொடியது என்பேன். உயிர் போவதற்கு முன் அவருடைய பெயர் போகிறது. பெயர் போனவருக்காகத் தெருவில் வந்து நிற்க ஆள் இருக்காது. பிறகு லாரி வருகிறது.

கரூர் மாவட்ட விவசாயி ஜெகநாதன் 2022 செப்டம்பர் 10 அன்று க.பரமத்தி அருகே வண்டி ஏற்றிக் கொல்லப்பட்டார். உரிமக் காலம் முடிந்த பிறகும் இயங்கிய கல்குவாரிமீது அவர் புகார் கொடுத்திருந்தார், குவாரி மூடப்பட்டிருந்தது. மனு வென்றது, மனுதாரர் இல்லை. குவாரி உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அந்த ஊரில் அடுத்த மனுவை எழுதப் பேனா எடுப்பவரின் மனநிலையை யோசித்துப் பாருங்கள்.

அரசுப் பதவிகூடக் காப்பு இல்லை என்பதை முறப்பநாட்டில் நடந்த கொலை காட்டிவிட்டது. தாமிரபரணி மணல் கடத்தலைத் தடுத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை, 2023 ஏப்ரல் 25 அன்று அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். ஐந்து மாதங்களுக்குள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மனம் வைத்தால் அரசும் நீதிமன்றமும் எவ்வளவு விரைவாக நடக்க முடியும் என்பதற்கும் அந்த வழக்கே சாட்சி. அந்த விரைவில் ஒரு பங்கு, அவர் புகார் கொடுத்த அன்று கிடைத்திருக்க வேண்டும்.

பெயர் கசிந்து ஆள் சாவது இந்த நாட்டுக்குப் புதிது இல்லை. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மரணம் எழுப்பிய கொந்தளிப்பு, பல ஆண்டுகள் கழித்து, 2014இல் ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமாக நிறைவேறியது. புகார்தாரரின் பெயரைக் கவனக்குறைவாலோ கெட்ட நோக்கத்தோடோ வெளியிடுபவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது அந்தச் சட்டம். நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தந்தும், அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வலிமையைத் தந்தது. ஆனால் அது குற்ற வழக்கின் சாட்சிகளுக்கானது. வழக்கே பதிவாகாத நிலையில் மனு மட்டும் கொடுத்து நிற்பவர் அந்தக் குடைக்குள் வர மாட்டார்.

காகிதம் போகும் திசையை மாற்ற முடியும் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் கடற்கரையில் சொலோபேனி என்றொரு பகுதி இருக்கிறது. அங்குள்ள மணலில் டைட்டானியம் தாதுக்கள்; நம் மணவாளக்குறிச்சியில் அள்ளப்படும் இல்மனைட் அதே வகைதான். ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் சுரங்கத் திட்டத்தை எதிர்த்த அமாடிபா மக்கள் குழுவின் தலைவர் சிகோசிபி ராடேபே 2016 மார்ச் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வந்தவர்கள் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். மக்கள் பின்வாங்கவில்லை. அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் சுரங்க உரிமம் தரக் கூடாது என்று 2018 நவம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் வந்த அடுத்த தீர்ப்பை நம் ஊர்களில் இன்னும் உரக்கப் பேச வேண்டும். சுரங்கம் கேட்டு நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் அந்த மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றது அது. இங்கே மக்களின் காகிதம் குவாரிக்குப் போகிறது. அங்கே நிறுவனத்தின் காகிதம் மக்களிடம் வந்தாக வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

காகிதம் போகும் திசையை மாற்றுவது மாவட்ட அளவிலேயே முடிகிற காரியம். குவாரி மீதான மனுவில் பெயர்ப்பக்கத்தைத் தனியே பிரித்து ஆட்சியரின் பொறுப்பில் வைத்துக்கொண்டு, சர்வே எண்ணையும் புகாரையும் மட்டும் கீழே அனுப்பலாம். ஒவ்வொரு குத்தகையின் எல்லை, ஆழம், அளவு, காலம் நான்கையும் குவாரி வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். அப்போது பள்ளத்தை ஊரே அளக்கும், தனியொருவர் பெயர் தேவைப்படாது. மனு வந்த ஒரு வாரத்துக்குள், வேறு மாவட்டத்து அளவையர்களைக் கொண்டு, ஊரார் முன்னிலையில் அளக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். குவாரிக்கோ மணல் அள்ளுவதற்கோ எதிராக மனு கொடுத்தவர் சாலையில் அடிபட்டு இறந்தால், அதை விபத்து என்று எழுதுவதற்கு முன், அவர் கடைசியாகக் கொடுத்த மனுவைக் காவல் ஆய்வாளர் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். அது எந்தத் தேதியில் யார் மேசையில் இருந்தது என்பதும் விசாரணையில் சேரட்டும். கணவரை இழந்து நிற்கும் ஒரு பெண்மணி காவல் நிலையத்துக்குப் போய், இது விபத்து இல்லை என்று தாமே வாதாடும் நிலை இனி எந்த வீட்டுக்கும் வரக் கூடாது.