ஊரை நடந்து படித்தல்

ஓர் ஊரின் வரலாறு அரசர் பெயர்களிலும் ஆண்டுக் கணக்கிலும் அடங்கிவிடுவதன்று. அது பாறையிலும் சந்தையிலும் சுமை தூக்கியவர் நடந்த தடத்திலும் பதிந்து கிடக்கிறது. அதைப் படிக்க ஏற்ற வழி, விவரம் அறிந்தவர் ஒருவருடன் நடந்து செல்வதே. இதற்கு மதுரையில் நல்லதொரு முன்மாதிரி உண்டு.

யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை எழுந்தபோது மலையடி மக்கள் அதனை எதிர்த்தனர். அச்சூழலில், 2010ஆம் ஆண்டு எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ‘பசுமை நடை’யைத் தொடங்கினார். விடுமுறைக் காலைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் குன்றுகளுக்குச் சென்றனர். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டுகளின் முன்னே நின்று விளக்கினார். யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770ஆம் ஆண்டினது, பாண்டியனின் அமைச்சன் மாறன் காரி தொடங்கிய பணியை அவன் தம்பி மாறன் எயினன் நிறைவேற்றினான். இச்செய்தியை நூலில் படிப்பதற்கும், அக்கல்லைப் பார்த்து நின்று கேட்பதற்கும் வேறுபாடு மிகுதி.

அறியப்படாத மலை, விலை போகும் வெறுங்கல்லாகவே தோன்றும். அரிட்டாபட்டியை எண்ணிப் பார்க்கலாம். தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் பாண்டியர் குடைவரையும் உள்ள அவ்வூர், 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் திரண்டு போராடினர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது. தம் மலையில் இருப்பது இன்னதென்று அறிந்த மக்களுக்குச் சொல்வதற்குச் சான்றும் இருந்தது.

சிலமலைக்கும் போடிநாயக்கனூருக்கும் இத்தகைய நடை பொருந்தாதா? பாண்டியர் குடைவரைதான் வேண்டுமென்பதில்லை. போடி ஜமீன் அரண்மனையின் சுவரோவியங்கள் இருக்கின்றன. 1928இல் வந்த இருப்புப்பாதை, உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டது. பின்னர் மீண்டும் இடப்பட்டது. 2010இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற இரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பியது. நிலையத்து நடைமேடையில் நின்று சொல்ல இந்த ஒரு கதையே போதும்.

மலைப்பக்கம் திரும்பினால் இன்னொரு வரலாறு. மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டிகளில் போடிக்கு வந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மூணாற்று மலை இரயிலை அழித்தது. போடிமெட்டுச் சாலையில் விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறும் பெண்களின் உழைப்பும், கிட்டங்கிகளில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் கைகளின் திறனும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவற்றைச் சொல்ல வல்லவர்கள் முதியோர் மட்டுமே. ஆண்டுதோறும் அவர்கள் குறைந்து வருகின்றனர்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டவர் உயிரிழந்தனர். வரலாற்று நடைக்குச் சிகரம் தேவையில்லை. ஊரும் அடிவாரமும் போதும். காட்டெல்லைக்குள் செல்வதாயின் வனத்துறையின் அனுமதியும், கோடையைத் தவிர்க்கும் நிதானமும் வேண்டும்.

பத்தாண்டுகள் அரங்கில் தமிழ் வளர்த்த இலக்கிய வட்டம், பதினோராம் ஆண்டில் மாதம் ஒரு ஞாயிறு தெருவில் இறங்கலாம். தோட்டத்தில் உழைத்த மூதாட்டி ஒருவர் வழிகாட்டட்டும். மாணவர்கள் உடன் நடந்து, அவர் சொல்வதை நாளும் இடமும் குறித்து எழுதி வைக்கட்டும். அடுத்த மலரின் சில பக்கங்களை அக்குறிப்புகளுக்கென ஒதுக்குவது, இவ்வூருக்குச் செய்யும் நல்ல பணியாகும்.