கணக்கில் அடங்கிய கல்லும் கணக்கில் அடங்காத நேரமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!



2029 ஏப்ரல் 13 அன்று ‘அபோபிஸ்’ என்னும் சிறுகோள் பூமியை நெருங்கிக் கடக்கவிருக்கிறது. அது வெள்ளிக்கிழமை. மறுமை நாள் வெள்ளிக்கிழமையில் நிகழும் என்பது நபிமொழி. ஆகவே, ‘இதுவே அந்த நாள்’ என்ற வதந்தி நம் இல்லங்களிலும் நுழையக்கூடும். இந்திய நேரப்படியோ அக்கணம் சனிக்கிழமை அதிகாலை!

ஏறத்தாழ 340 மீட்டர் அளவுள்ள இக்கல், சுமார் 324 நாட்களில் சூரியனைச் சுற்றிவருகிறது. 2004 ஜூனில் கண்டறியப்பட்டபின், அவ்வாண்டு டிசம்பரில், மோதும் வாய்ப்பு 37இல் 1 வரை உயர்ந்தது. பழைய படங்களில் அதன் இருப்பிடம் தெரிந்ததும் அவ்வச்சம் நீங்கியது. இன்னும் நூறாண்டுகளுக்கு மோதல் இல்லையென 2021இல் ராடார் அளவீடுகள் உறுதிசெய்தன. சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் அது கடந்துவிடும்.

சிந்தியுங்கள்! கல்லின் பாதையைக் கணக்கிடும் அறிவை மனிதனுக்கு வழங்கிய இறைவன், மறுமையின் நேரத்தை நபிமார்களுக்கும் அறிவிக்கவில்லை. நாட்காட்டியில் அதைக் குறிப்பவர், தமக்கில்லாத அறிவுக்கு உரிமை கோருகிறார்.

எனவே, ஆராயாமல் செய்தியைப் பரப்பாதீர்கள்; பிள்ளைகளை அச்சுறுத்தாதீர்கள். கல்லின் வருகைக்கு நாள் குறித்தாகிவிட்டது. நம் மரணத்தின் நாளை நாம் அறியோம். அது அதற்கு முன்பே வரலாம். இன்றே கடனைத் தீருங்கள், முறிந்த உறவைச் சேருங்கள், தொழுகையைப் பேணுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.